அருளானந்தம் அங்கிள் பார்க்காத கோப்பு

நான் ஒரு பொய் சொன்னேன். நேர்மையான ஒரு மனிதரின் பெயரில், அவர் செய்யாத வேலையைச் செய்ததாக எழுதினேன். ஓராண்டுக்கு மேலாகிறது... இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அதைவிட வெட்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொய் எனக்குத் தந்த நாள், என் வாழ்வின் மிக மகிழ்ச்சியான நாட்களில் ஒன்று!

மலேசியாவில் பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். தோட்டத்தில் இப்போது ஆட்கள் அதிகம் இல்லை. எல்லாரும் சுற்றியுள்ள தாமான்களில், அதாவது புதுக் குடியிருப்புகளில், வீடு வாங்கிப் போய்விட்டார்கள். ஆனால் மாரியம்மன் திருவிழா என்றால் அம்மன் ரதம் லாரியில் ஏறி, அத்தனை பேர் வீட்டு வாசலுக்கும் போய்த்தான் ஆகவேண்டும். எந்த வீட்டுக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அர்ச்சனைத் தட்டை ஏந்திக்கொண்டு மூன்று மணி நேரம் வாசலில் நிற்பார்கள், பாவம்.

அதற்குத்தான் ஒரு செயலி செய்தோம். ரதம் நெருங்கியதும் அந்தந்த வீட்டுக் கைப்பேசிக்குச் செய்தி போகும். இலவசம். எந்தக் கோயிலும் எடுத்துக்கொள்ளலாம், நிரலைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். பெரும்பகுதியை எழுதியவன் லுக்குட்டில் பள்ளி வேன் ஓட்டும் குமரேசன். தானாகவே நிரல் எழுதப் படித்துக்கொண்ட கெட்டிக்காரன்!

வெளியிடுமுன் நிரலைச் சரிபார்க்கும் தன்னார்வலர்களை ஒருங்கிணைப்பது என் பொறுப்பு. விதி ஒன்றுதான். எழுதியவர் தவிர இன்னொருவர் ஒவ்வொரு கோப்பையும் முழுதாக வாசிக்கவேண்டும். வாசித்தவர் பெயர் அதன் கீழே ஏறவேண்டும். பெயர் இல்லாத கோப்பு வெளியே போகாது. அந்த விதியைப் போட்டவளே நான்தான்!

எங்களில் மிகச் சிறந்த வாசகர் மம்பாவ் ஊரில் இருக்கும் அருளானந்தம் அங்கிள். எழுபத்தொரு வயது, யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம், ஓய்வு பெற்ற பொறியாளர். நிரலைத் தாளில் அச்சடித்து, பென்சிலோடு உட்கார்ந்து விடுவார். ஒரு காற்புள்ளிகூட அவரிடம் தப்பாது. திரையில் பொத்தானை அழுத்துவது மட்டும் பிடிக்காது. எனக்குப் போன் செய்து, "பாத்திட்டன் பிள்ளை" என்பார். நான் அவர் பெயரை ஏற்றுவேன். படித்து முடித்த தாள்களை அவர் மனைவி முறுக்குத் தட்டுக்கு அடியில் விரித்துவிடுவார். எங்கள் நிரல் முழுக்க எண்ணெய் குடித்திருக்கிறது!

திருவிழாவுக்கு முந்தைய நாள். அவர் பங்கில் ஒரே ஒரு கோப்பு பாக்கி. வீட்டு முகவரிகளைப் பிரிக்கும் கோப்பு. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "ரிலீஸ் பண்ணுங்கக்கா, இன்னும் என்னா லா?" என்று குமரேசன் துடித்தான்.

நான் அவர் பெயரை ஏற்றினேன்... அவ்வளவுதான். ஒரு நொடி!

மாலையில் அவரே அழைத்தார். "எல்லாம் முடிஞ்சுதோ பிள்ளை? ஒண்டு மிச்சம் கிடக்கு எண்டெல்லோ நினைச்சன்."

"இல்ல அங்கிள், எல்லாத்தையும் பாத்துட்டதா சொல்லிட்டீங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? பயமா? அவசரமா? எனக்கே தெரியவில்லை.

மறுநாள் செயலி பிரமாதமாக வேலை செய்தது! தெருத்தெருவாகக் கதவுகள் சரியான நேரத்தில் திறந்தன. லாரிக்குப் பின்னால் நான் சின்னப் பிள்ளைபோல் ஓடினேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒரே ஒரு வீடு தப்பியது. லெட்சுமி அக்கா வீடு, எண் 3A. எங்கள் ஊரில் வீடு கட்டி விற்பவர்கள் சீனர்களுக்கு ஆகாத நான்கை விட்டுவிட்டு 3A என்று போடுவார்களே, அந்த எண். குமரேசன் தோட்டத்து வரிசை வீடுகளை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறான். அங்கே நான்கு நான்குதான். எண்ணோடு எழுத்து ஒட்டியிருந்தால் செயலி அந்த வீட்டையே விட்டுவிட்டது.

அம்மன் வாசலில் நிற்கிறாள். லெட்சுமி அக்கா தலையில் ஈரத் துண்டோடு, கையில் ஒற்றை வாழைப்பழத்தோடு ஓடி வருகிறார்! "அம்மா வர்றான்னு ஒரு மெசேஜ் கூட இல்லியே லா! குளிச்சிக்கிட்டு இருக்கேன்!" தெருவே சிரித்தது. பூசாரியும் சிரித்தார். கடைசியில் அக்காவும் சிரித்தார்.

குமரேசன் அந்த முகவரிக் கோப்பைத் திறந்து குழுவில் போட்டான். கீழே அருளானந்தம் என்ற பெயர். அவ்வளவு போதாதா? "அங்கிள், ஒங்க வீடே 3Aதானே! சொந்த வீட்டையே மறந்துட்டீங்களா?" ஒரே கேலி, ஒரே கொண்டாட்டம்.

ஆமாம், அவர் வீட்டு எண்ணும் 3A. அவர் வாசித்திருந்தால் முதல் பார்வையிலேயே பிடித்திருப்பார்!

அவர் பதில் எழுதினார்: "பிழை என்னுடையது. மன்னிக்கவும்." அந்த நிமிடம் நான் வாய் திறந்திருக்கலாம். பத்து நிமிடத்தில் பிழையைத் திருத்தினோம், வாழ்த்துகள் குவிந்தன, நான் சந்தோஷமாக இருந்தேன்... வாய் திறக்கவில்லை.

இப்போது பல கோயில்களில் எங்கள் செயலி ஓடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதன் புதிய பதிப்புக்காகச் சிரம்பானில் விருந்து வைத்தோம். வாழையிலை, கும்மாளம், குமரேசனின் பாட்டு! அங்கிள் யாரோ ஒருவரின் காரில் வந்து இறங்கினார். தாம் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டாராம். என் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"அந்த 3A கோப்பை நான் உண்மையா வாசிச்சனோ பிள்ளை? வடிவா யோசிச்சுப் பாத்தன். ஒரு வரிகூட ஞாபகம் வரேல்லை."

நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள். என் நாக்கின் நுனிவரை வந்தது. அவர் கண்களில் இருந்த பயத்தை நான் பார்த்தேன், பார்த்தும்...

"வாசிச்சீங்க அங்கிள். போன்ல சொன்னீங்களே!"

அவர் மெல்லத் தலையாட்டினார். "அப்ப டொக்டரிட்டப் போகத்தான் வேணும்."

வருகிற செவ்வாய்க்கிழமை மறதிக்கான பரிசோதனை. மனைவியிடம் சொல்லவில்லையாம், பயந்துவிடுவாராம். துணைக்கு என்னைத்தான் கூப்பிட்டார்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.