மவ்ஜூதாவின் மெத்தை அடுக்கு

எங்கள் தாஷ்கந்துக் குடியிருப்பில் என் எதிர்வீட்டு மவ்ஜூதாவைப் போல ஒரு சந்தேகப் பிராணி கிடையாது. ரொட்டிக்காரர் நேற்றைய ரொட்டியைச் சூடாக்கி விற்கிறார் என்பாள். நான் சும்மா சிரித்தாலும் எதற்கென்று கேட்பாள். அவள் வீட்டில்தான் அந்தக் குளிர்காலம் கரப்பான் புகுந்தது. வெப்பநாட்டு இனம், கட்டைவிரல் நீளம், செம்பழுப்பு நிறம். வெளியே பனி கொட்டியது. அதுவோ வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரை விட்டு நகரவில்லை.

அவள் பதறியதில் நியாயம் உண்டு. வியாழக்கிழமை மகள் ஹுமோராவைப் பெண் கேட்டு வருகிறார்கள். ஹுமோராவுக்கும் பையனைப் பிடித்திருந்தது. ஒரு பூச்சி ஓடினால் போதும், சம்பந்தம் முறிந்துவிடும்.

அடுப்படியைக் கழுவினாள், மருந்தடித்தாள், குறையவில்லை. பழி கீழ்வீட்டு சனோபர் மேல் விழுந்தது. அவள் புலாவு கொடுத்தனுப்பினால் கிண்ணத்தில் ஏதாவது போட்டுத்தான் நாங்கள் திருப்பித் தருவோம். வெறுங்கிண்ணம் போனால் முகத்தில் அடித்த மாதிரி. அந்த வாரம் வந்த புலாவை மவ்ஜூதா குப்பையில் கொட்டிவிட்டு வெறுங்கிண்ணத்தை நீட்டினாள்.

"என்னக்கா, ஒரு பிடி திராட்சைக்குமா பஞ்சம்?" என்றாள் சனோபர்.

"உன் கிண்ணத்துல என்னென்ன ஏறி வருதுன்னு எனக்குத் தெரியாதா?"

சனோபரின் முகம் சுண்டிப்போனது. எனக்கு ஆத்திரமாக வந்தது.

வியாழக்கிழமை பையனின் தாய் வந்தார். முறைப்படி முதலில் அக்கம்பக்கத்தில் விசாரித்தார். சனோபர் வீட்டுக் கதவு தட்டப்படும் சத்தம் கேட்டதும், உதவிக்கு வந்திருந்த என் கையை மவ்ஜூதா பிடித்துக்கொண்டாள்.

"போச்சு. வத்தி வெச்சிடுவா."

ஆனால் அந்த அம்மா சிரித்த முகத்தோடு மாடியேறி வந்தார். தேநீர் குடித்தபடி சுவரோரம் பார்த்தார். வெந்நீர்க் குழாயை ஒட்டி ஹுமோராவின் சீர்ப்பெட்டி. அதன்மேல் கூரைவரை, சீருக்கென்றே தைத்து அடுக்கிய புது மெத்தைகள். கல்யாணம்வரை யாரும் தொடக்கூடாதென்று வருடக்கணக்காக அப்படியே இருந்தவை.

"தையல் நல்லாருக்கே. ஒண்ணு காட்டுங்களேன்."

மவ்ஜூதா பெருமையாக உருவினாள். மடிப்பிலிருந்து பூச்சிகள் சிதறி ஓடின. ஒன்று ரொட்டியின் மேல் ஏறி மீசையை ஆட்டியது.

அந்த அம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"இதைவிடச் சுத்தமான வீடு இந்தக் கட்டடத்துலயே கிடையாதுன்னு கீழ்வீட்டுப் பொண்ணு சொன்னா. அதை நம்பித்தான் மாடி ஏறினேன்."

சால்வையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மவ்ஜூதா என் பக்கம் திரும்பினாள். "பார்த்தியா சனோபரை? வேணும்னே தூக்கிவெச்சுப் பேசியிருக்கா."

ஹுமோரா அழவில்லை. மெத்தையைத் தரையில் போட்டாள்.

"ஊர்ல ஒருத்தரையும் விடாம சந்தேகப்பட்டீங்களேம்மா. என் மெத்தை அடுக்கை ஒரு தரம் சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா?"