அண்ணனுக்கு வந்த பதில்கள்

நிச்சயம் முடிந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. மேலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ஆனையூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வருவேன். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் பேரையூர், திருச்சியில் ஃபிட்டர் வேலை. அவருடைய தங்கை கல்யாணம் முதலில் முடியட்டும் என்று எங்கள் கல்யாணத்தை எட்டு மாதம் தள்ளிவைத்தார்கள். அதுவரை கடிதம் போட்டுக்கொள்ளச் சொல்லி அவருடைய அம்மாவே விலாசம் கொடுத்தார்.

முதல் கடிதத்துக்கு மூன்று இன்லண்ட் வீணாயிற்று. கல் லாரிகள் போகும்போது டைப்ரைட்டரில் படியும் தூசியைப் பற்றி எழுதினேன். மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டேன். பதில் இல்லை. ஒரு மாதம் பொறுத்து அடுத்தது எழுதினேன். அதற்கும் இல்லை. ஆம்பளைகளுக்குக் கூச்சம் இருக்கும் என்றார் அம்மா. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. விலாசம் தப்போ, ஷிப்ட் வேலையோ என்று நானே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மண்டபம் பேசுவது பற்றி அண்ணன் அதே விலாசத்துக்கு ஒரு கார்டு போட்டார். ஐந்தாம் நாள் பதில் வந்துவிட்டது. அழகான கையெழுத்து, பிழையில்லாத தமிழ். கடைசி வரியில், வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும் என்றிருந்தது. அண்ணன் பிறகு போட்ட இரண்டு கார்டுக்கும் அப்படியே வந்தது. நான் அதுவரை எழுதியது ஆறு கடிதம்.

ஏழாவது மாதம் தங்கை கல்யாணப் பத்திரிகை கொடுக்க அவரே வந்தார். அம்மா காபி போட உள்ளே போனதும் கேட்டேன்.

"என் கடுதாசியெல்லாம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"படிச்சீகளா?"

பத்திரிகைக் கட்டைச் சரிசெய்தபடி சொன்னார். "மொத ரெண்டு படிச்சேன். மத்தத வச்சிருக்கேன், இன்னும் பிரிக்கல."

வேறு யாரையாவது பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். அப்படியெல்லாம் இல்லை என்றார். அவர் சொன்னது பொய்யாகத் தெரியவில்லை. அவருடைய அப்பா பார்த்த இடம், வேண்டாம் என்று சொல்ல ஒன்றுமில்லை, அதனால் சரி என்றாராம். காபி வந்தது. குடித்துவிட்டுப் போனார்.

இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அன்று சாயங்காலம் அண்ணனிடம் சொன்னேன். கடிதம் எழுதாததற்கா நிறுத்துவது, ஊர் என்ன கேட்கும் என்றார் அவர்.

"உனக்கு அஞ்சு நாள்ல பதில் வருதுண்ணே. எழுதத் தெரியாதவரில்ல. எங்கிட்ட அவருக்குக் கேக்குறதுக்கு ஒண்ணுமில்ல, அம்புட்டுத்தான்."

அண்ணன் இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பேரையூருக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அங்கே பெரிதாகச் சண்டை எதுவும் நடக்கவில்லை. மாப்பிள்ளையும் காரணம் கேட்கவில்லையாம். அம்மா மட்டும் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு அவமானத்தைவிட அலுப்புதான் அதிகமாக இருந்தது.

மூன்று வருஷம் கழித்துத் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மனைவியும் கைக்குழந்தையும் கூட இருந்தார்கள். அடையாளம் தெரிந்து தலையசைத்தார். வெயிலுக்குக் குழந்தை அழுதது. மனைவி ஏதோ சொல்ல, அவர் சோடா வாங்கக் கடைப்பக்கம் நடந்தார். என் பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.