ஏழு நிமிடம் முந்திய கடிகாரம்

தஞ்சாவூர் புறவழிச்சாலையில் பம்புசெட் மோட்டார்களைச் சோதிக்கும் அந்தக் கூடத்தில் மதிவதனி ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். முதலாளி சாம்பசிவம் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "வேம்பு பொண்ணு" என்பார். வேம்பு அவளுடைய அம்மா. சாம்பசிவம் குடும்பத்து வயலில் நடவு நட்டவள். டிப்ளமோ படித்த மகளுக்கு அது எங்கே உறைக்கும் என்று தெரிந்துதான் கூப்பிடுவார்.

மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம், மின்னோட்டம், அதிர்வு மூன்றையும் மூன்று கருவிகளில் அவள் பதிய வேண்டும். மூன்றும் ஒரே கணத்தில் விழித்தால்தான் எது முதலில் கெட்டது என்று சொல்ல முடியும். லேன் கம்பி வழியாக மூன்றும் அவள் கணினியிடம் நேரம் வாங்கிக்கொள்ளும். பத்தரை என்று குறித்துவைத்தால் மூன்றும் சேர்ந்து தொடங்கி ஒரு நிமிடம் பதியும்.

ஆயுத பூஜைக்குக் கருவிகளைக் கழற்றிச் சந்தனம் வைத்தார்கள். திரும்ப மாட்டியது சாம்பசிவம். பூஜைக்குப் பின் முதல் கை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பார். அவள் கையாக இருக்கக் கூடாது என்பதும் அதில் அடக்கம்.

மறுநாள் திருத்துறைப்பூண்டி வீரையன் தான் செய்த புது மோட்டாரைக் கொண்டுவந்தார். பத்தரைக்குக் குறைந்த மின்னழுத்தத்தில் ஓட்டியதில் மோட்டார் கருகிப்போனது. அதிர்வுப் பதிவில் வெறும் நேர்கோடு. பேரிங் இறுகிக் கருகியதா, மின்னழுத்தத்தால் கருகியதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வீரையன் கத்தினார். சென்சாரை அவள் ஒழுங்காக ஒட்டவில்லை என்று சாயங்காலத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போகச் சொன்னார் சாம்பசிவம்.

அவள் எழுதவில்லை. பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நேர்கோட்டின் நடுவே மூன்று முட்கள் துருத்திக்கொண்டிருந்தன. வீரையனிடம் போனாள்.

"அண்ணே, மேடை ஓரத்துல தேங்கா ஒடச்சீங்களே, எத்தன தட்டு தட்டுனீங்க?"

"மூணு. பேராவூரணிக் காய், லேசுல ஒடயல. அது மோட்டாரு போடுறதுக்கு முன்னாடிம்மா."

பதிவிலோ அந்த மூன்று தட்டும் பத்தரைக்கு மேல் இருந்தன. அதிர்வுக் கருவியின் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனாள். அது சாம்பசிவத்தின் அறைக்குள், அவர் கணினிக்குப் போயிற்று. ஆட்கள் நேரத்துக்கு வர வேண்டும் என்று அவர் சுவர்க் கடிகாரத்தையும் கணினியையும் ஏழு நிமிடம் முந்தி வைத்திருப்பார். கருவி அந்த நேரத்தை நம்பி முன்பே விழித்துத் தேங்காயைப் பதிந்துவிட்டுத் தூங்கிவிட்டது.

அதை அப்படியே எழுதினாள். கம்பி எங்கே போகிறது என்று சோதனைக்கு முன் பார்க்காதது தன் தவறு என்றும் சேர்த்தாள்.

சாம்பசிவம் படித்தார். "என் கடிகாரத்த மாத்தச் சொல்றியா?"

"மாத்த வேணாம் சார். கருவிய அதுல மாட்டாதீங்க."

"உங்க சண்டைய அப்பறம் வச்சுக்குங்க," என்றார் வீரையன். "எரிஞ்சது என் மோட்டாரு."

அந்தக் காகிதத்தை வீரையன் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டார். அது வெளியே போன பிறகு அவளைப் போகச் சொல்ல சாம்பசிவத்துக்கு வழியில்லை. கம்பியை அவரே பிடுங்கி அவள் மேஜையில் எறிந்தார்.

மறுநாள் அவள் ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் முன்னதாக வந்தாள். சுவர்க் கடிகாரம் ஒன்பது ஐந்து காட்டியது. வருகைப் பதிவேட்டில் சாம்பசிவம் அதைச் சிவப்பு மையில் எழுதி வட்டமிட்டார். வட்டத்துக்குப் பக்கத்தில் 8.58 என்று எழுதிவிட்டு, அவள் கருவிகளை மாட்டப் போனாள்.