பாதி டெரியர்

எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். சிரம்பானில் என்னோடு படித்த, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பிள்ளைகள் திங்கட்கிழமை வந்தால் தங்கள் நாய்களைப் பற்றித்தான் பேசுவார்கள். நாய் சோபாவில் தூங்கியது, நாய்க்குச் சளி பிடித்தது என்பார்கள். கூலிக்காரர்கள் குடியிருந்த எங்கள் லயத்திலும் நாய்கள் திரிந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்ததில்லை.

சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறி, எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கே ஆசிரியையாக வந்தேன். மலாயாவில் அவசரகாலம் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. துரைமார் சிலர் பயந்துபோய்க் கப்பலேறிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன நாய்களைச் சிரம்பான் மாட்டாஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வைத்துப் பராமரித்து, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரு சனிக்கிழமை போய் நின்றேன்.

"வீட்டைச் சுற்றி வேலி இருக்கிறதா?" என்று அந்த அம்மாள் இங்கிலீஷில் கேட்டார்.

"இருக்கிறது."

"உயரமானதா?"

"என்னைவிட உயரம். முள்கம்பி. இரவெல்லாம் விளக்கு எரியும். துப்பாக்கியோடு காவலும் உண்டு."

என்னை நிமிர்ந்து பார்த்தார். பொய் எதுவும் நான் சொல்லவில்லை. எங்கள் லயங்களை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்து அரசாங்கம் அப்படித்தான் வளைத்திருந்தது. ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்த சின்ன நாயைத் தூக்கி என் கையில் கொடுத்தார். பாதி டெரியர், மீதி என்னவென்று கடவுளுக்குத்தான் தெரியும் என்றார்.

பிரம்புக் கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். அம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆளுக்கு இவ்வளவுதான்னு அரிசிய அளந்து குடுக்குறான். இது எந்த ஆளு கணக்குலடி வரும்?"

"என் பங்குலம்மா."

"உன் பங்கு பூனைக்கே பத்தாது."

பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று சிரித்தார். "டீச்சர் நாயில்ல! எத்தினாங் கிளாஸ் படிச்சிருக்கு?"

அப்பா மட்டும் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தார். "மீசையப் பாரு, நம்ம பழைய தொரையேதான்" என்றார்.

டெரியர் என்ற சொல்லை லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பொருள் எனக்குத் தெரியாது. அது மண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, வளைக்குள் தோண்டிப் புகுந்து எலியும் நரியும் பிடிக்கவே வளர்த்த சாதி என்றெல்லாம் பின்னால்தான் படித்தேன். வந்த சில நாட்களில் எங்கள் வரிசையில் எலி இல்லாமல் போயிற்று. அக்காகூடக் கருவாட்டுத் தலை கொண்டுவந்து போட்டார். வீட்டு எலி தீர்ந்ததும், நாய் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த எலிகளை நினைக்கத் தொடங்கியது.

காட்டில் இருந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகாமல் தடுக்கத்தான் அந்த வேலி. அதன் அடியில் ஒரு குழி இருந்தால், யாரோ அரிசி கடத்துகிறார்கள் என்று அர்த்தம். முதல் குழியைக் கண்ட காலையில் வெயில் ஏறும்வரை வேலிக் கதவைத் திறக்கவில்லை. வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் சரியாக வடியாது. அன்று எல்லோருக்கும் அரைப் பேரு, அதாவது பாதி நாள் சம்பளம்தான்.

தண்ணீர்க் குழாயடியில் என் காதுபடவே பேசினார்கள். "நாயி தோண்டுனா நாயிக்குப் போட வேண்டியதுதானே அரைப் பேரு. எங்களுக்கு ஏன் போடுறானுங்க?"

குழியை மூடிக் கல்லை வைத்தேன். நாயைக் கட்டிப்போட்டேன். கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு போய், எங்கள் வீட்டுக்கு நேர் பின்னால் இன்னொன்று தோண்டியது. இது முதலாவதைவிடப் பெரிது.

காவலுக்கு இருந்த மலாய் சார்ஜன் மோசமான மனிதர் அல்ல. குழிக்குள் தோள்வரை கையை விட்டுப் பார்த்தார். பிறகு நாயின் உயரத்துக்குக் கையைத் தாழ்த்திக் காட்டி, "இந்த அஞ்சிங்கா?" என்று கேட்டார். மலாயில் அஞ்சிங் என்றால் நாய். நாய் தோண்டவில்லை என்றால் பக்கத்தில் குடியிருக்கும் ஆள்தான் தோண்டியிருக்க வேண்டும். அந்த ஆள் என் அப்பா. காலையில் அவரை ரெம்பாவ் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னார். எனக்குத் தெரிந்த மலாய் முழுவதையும் கொட்டினேன்.

"சரி, தோண்டட்டும். என் கண்ணால் பார்க்கிறேன்" என்றார். "ஆனால் அதுதான் என்றால் இங்கே இருக்கக் கூடாது."

மாலையில் கதவு பூட்டியபின் லயமே வேலியோரம் கூடிவிட்டது. நாய் தோண்டினால் நாய் போகும், தோண்டாவிட்டால் அப்பா போவார். கயிற்றை அவிழ்த்துவிட்டு, தோண்டு என்பதை இங்கிலீஷில் "டிக்!" என்றேன். மறுபடி சொன்னேன். அது சார்ஜனின் பூட்ஸுக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது.

"டீச்சரு, தமிழ்ல சொல்லிப் பாருலா!"

"சீனியர் இங்கிலீசு அதுக்குப் பத்தல போல!"

சார்ஜன் அப்பாவைப் பார்த்தார். அப்பா வேலியோரம் போய்க் குந்தினார். பால் கறை படிந்த விரல் நகத்தால் கம்பிக்கு அடியில் மண்ணைக் கீறினார். மெல்ல, விட்டு விட்டு, எலி கொறிப்பதுபோல. நாயின் மடிந்த காதும் நிமிர்ந்தது. ஒரே பாய்ச்சலில் வந்து தோண்ட ஆரம்பித்தது. மண் பறந்து சார்ஜனின் கால்சட்டை மேலெல்லாம் விழுந்தது. அவரே சிரித்துவிட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்துக்கொண்டிருந்தபோதே அது கம்பிக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய் எழுந்து உடம்பை உதறியது.

இனி விடியும்வரை யாரும் வெளியே போக முடியாது. வெளியே நடமாடும் ஆளைச் சுடலாம் என்பது சட்டம். என்னையே கல் எடுத்துக் கொடுக்கச் சொல்லி போலீஸ்கார மாத்தாமார் குழியை மூடினார்கள், ஆணிக்கட்டை அடித்து இறுக்கினார்கள். ஒவ்வொரு கல் விழும்போதும் நாய் அந்தப் பக்கம் துள்ளியது. விளையாட்டென்று நினைத்திருக்கும். பிறகு ரப்பர் மரங்களுக்கு நடுவே எதுவோ அசைய, அதன் பின்னால் ஓடியது.

அப்பா தப்பினார். அதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது.

காலையில் அம்மா, கேட்காமலே, ஒரு கைப்பிடிச் சோற்றை இலையில் மடித்துக் கொடுத்தார். "பட்டினி கெடக்கும். வெளிய போனதும் போடு." ஒரு பருக்கைகூட வெளியே போகக் கூடாது என்ற உத்தரவை லயத்துக்குத் தமிழில் படித்துச் சொன்னவளே நான்தான். இருந்தும், வேலிக்கு வெளியே இருந்த பள்ளிக்குப் புறப்பட்டபோது இடுப்பில் செருகிக்கொண்டேன். கதவடியில் பெண்களைச் சோதிக்கும் போலீஸ் அம்மாள் அதைத் தொட்ட உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"யாருக்கு?" என்றார் சார்ஜன்.

"அஞ்சிங்குக்கு."

இலையைப் பிரித்துப் பார்த்தார். என்னைக் கைது செய்திருக்கலாம். அதைத் தரையில் கவிழ்த்துவிட்டு, "பாலேக்" என்றார். திரும்பிப் போ, இன்று உனக்கு வெளியே வேலையில்லை.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். மேட்டிலிருந்து குரைப்பு கேட்டது. வாளியோடு போனவர்கள் "இந்தா, வா வா" என்று கூப்பிட்டுக்கொண்டே மரங்களுக்குள் மறைந்தார்கள். குரைப்பு தள்ளிப் போனது. பிறகு கேட்கவில்லை.

மத்தியானம் ரப்பர் பாலை எடை போட்டுவிட்டு வந்த அப்பா வாளிகளை இறக்கி வைத்தார்.

"ஆத்தோரம் வரைக்கும் போயிக் கூப்புட்டுப் பாத்தேம்மா."

என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. நான் நினைத்த இங்கிலீஷ் பெயர்கள் அம்மா வாயில் நுழையவில்லை, அம்மா சொன்னவை எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை.