மல்லாந்து கிடந்த பச்சைப் பொம்மை

போன வியாழக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று பாயை விரித்த நேரத்தில் பட்டை, கிராம்பு வாசம் வந்தது. எங்கள் தெருவில் அந்த வாசம் வந்தால் பின்னாலேயே ரஹ்மத் அக்கா வருகிறார் என்று அர்த்தம்.

ரஹ்மத் அக்கா அடுத்த தெருக்காரர். கல்யாணம், வலிமா விருந்து, புதுமனை புகுவிழா என்று ஆர்டருக்குப் பிரியாணி செய்துகொடுப்பவர். விறகடுப்பு, பெரிய தேக்சாப் பாத்திரம், சீரகச் சம்பா அரிசி. அவர் கையால் சாப்பிட்டவர்களால் கடைப் பிரியாணியைக் குறை சொல்லாமல் சாப்பிட முடியாது. எனக்கும் அந்த வியாதி உண்டு.

"விஜி, செத்த நேரம் இதப் பாரு. காலைலேருந்து கம்பெனி பேரு வருது, போகுது... வருது, போகுது. உள்ளயே விடமாட்டேங்குது."

நீட்டியது அவருடைய ஃபோன். பின்பக்கத்து மூடி கழன்று வந்துவிடாமல் இருக்க, பார்சலுக்குப் போடுகிற ரப்பர் பேண்ட் இரண்டைக் குறுக்கே இறுக்கிச் சுற்றியிருந்தார். திரையோரத்தில் மஞ்சள் தூள் படிந்திருந்தது.

ஏன் என்னிடம் கொண்டுவந்தார் என்று கேட்கிறீர்களா? பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை எங்கள் பக்கத்தில் இருக்கிறது. கேஸ் புக் பண்ணுவது முதல் மிக்ஸி ஜார் சிக்கிக்கொள்வது வரை... விஜியைக் கேள். இந்த நம்பிக்கையை நான் வளர்க்கவில்லை. கலைக்கவும் இல்லை. நம்மை விஷயம் தெரிந்தவள் என்று நாலு பேர் நினைத்தால் கசக்கவா செய்யும்?

"நஸ்ரின்கிட்ட கேட்டீங்களா?" என்றேன். நஸ்ரின் அவருடைய மகள். திருச்சியில் கம்ப்யூட்டர் வேலை.

"மருமக ஃபோன்ல கேட்டேன். ஃபாக்டரி ரீசெட் போடுங்கம்மா, உள்ள இருக்குறது எல்லாம் அழிஞ்சு புதுசு மாதிரி ஆயிடும்ங்கிறா. புதுசு யாருக்கு வேணும்?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ரெட்டியார்சத்திரத்துக்கு ஒரு ஆர்டர், தம் போட்டுவிட்டு வந்திருக்கிறார். தேக்சா மூடியின் மேல் கங்கு வாரிப் போட்டு, மருமகளைக் காவல் வைத்திருக்கிறார். தம் உடைப்பதற்குள் போக வேண்டும்.

"என்ன போனாலும் போகட்டும் விஜி. படம், நம்பரு, ஆர்டர் சொன்னது... எல்லாம் போகட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் போகக்கூடாது."

அந்த ஒன்று என்ன என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார்.

"யூசுப்பு அனுப்புனது ஒண்ணு கெடக்கு. இன்னும் கேக்கல."

யூசுப் அவருடைய தம்பி. பல வருஷம் இரண்டு பேரும் ஒரே அடுப்பங்கரையில் நின்றவர்கள். கறி அவர் பொறுப்பு. அரிசியும் தண்ணீரும் தம்மும் அக்கா பொறுப்பு. ஒருவர் வேலையில் மற்றவர் கை வைப்பதில்லை. அப்படி இருந்த மனுஷன் திடீரென்று ஷார்ஜாவில் ஒரு ஹோட்டல் வேலைக்குக் கிளம்பிவிட்டார். போனதில் அக்காவுக்கு வருத்தமில்லை. டிக்கெட் கைக்கு வரும்வரை சொல்லவில்லையே, அதுதான். கறிக்கடைக்காரர் சொல்லித்தான் அக்காவுக்கே தெரியும். "ஒங்க தம்பி வெளிநாடு போறாராமே, இனிமே கறி யாரு வாங்க வருவா?" என்று கேட்டாராம்.

அன்றிலிருந்து பேச்சில்லை. அதன் பிறகு, போன ரம்ஜான் சமயத்தில் யூசுப்பிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட். அரை நிமிஷம்கூட இராது. அக்கா அதைத் தொடவே இல்லை.

"ஏன்?"

"கேட்டா அவனுக்குத் தெரிஞ்சிரும்ல. அந்த மைக்கு நீலமாயிரும். இறங்கி வந்துட்டாடான்னு நெனப்பான்."

யோசித்துப் பாருங்கள். நம் வீம்பைக்கூட இப்போது ஃபோன் கலர் போட்டுக் காட்டிவிடுகிறது. ஒரு காலத்தில் கோபமாக இருந்துகொண்டே கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கலாம். இப்போது அதற்கும் வழியில்லை.

"அப்ப அவர்கிட்டயே திரும்ப அனுப்பச் சொல்லுங்களேன்..."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். பேசாமல் இருப்பவரிடம், "நீ அனுப்பினதை இத்தனை மாசமாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை அனுப்பு" என்று எப்படிக் கேட்பது? நான்தான் யோசிக்காமல் பேசிவிட்டேன்.

சரி. என் ஃபோனில் தேடினேன். இப்படி லோகோவிலேயே சிக்கிக்கொள்கிற ஆண்ட்ராய்டுக்கு ரெக்கவரி மோடு என்று ஒரு வாசல் இருக்கிறதாம். முன்வாசல் திறக்காவிட்டால் கொல்லை வாசல் மாதிரி. பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். சில கம்பெனிக்கு வால்யூம் மேலே, சிலதற்குக் கீழே, பழைய மாடல் சிலதற்கு ஹோம் பட்டனும் வேண்டும். சீர்வரிசையில்கூட இத்தனை வித்தியாசம் பார்க்க மாட்டார்கள்.

ரப்பர் பேண்ட் மேலேயே விரலை வைத்து அழுத்தினேன். கம்பெனி பெயர் வந்தது. போனது. பிறகு கறுப்புத் திரையில் ஒரு பச்சைப் பொம்மை. வயிற்றைத் திறந்து போட்டபடி மல்லாந்து கிடக்கிறது. அதன் மேல் சிவப்பாக ஒரு முக்கோணம். கீழே 'நோ கமாண்ட்' என்று எழுத்து.

அக்கா எட்டிப் பார்த்தார். "ஏன் இப்புடி ஆபரேஷன் பண்ணிப் போட்ட மாதிரி கெடக்கு? என்ன சொல்லுது?"

"உத்தரவு இல்லையாம்."

"யாரு உத்தரவு?"

"நம்ம உத்தரவுதான்னு நெனைக்கிறேன்க்கா."

பயப்பட வேண்டாம், அது வழக்கம்தான் என்று என் ஃபோன் சொன்னது. பவரைப் பிடித்துக்கொண்டு வால்யூமை மேல்பக்கம் ஒரு தட்டு தட்ட வேண்டும். தட்டினேன். பொம்மை போய், பொடிப்பொடியாக ஆங்கில வரிகள் வந்தன, முதல் வரி மேல் நீலமாக ஒரு பட்டையோடு. விரலால் தொட்டேன். ஒன்றும் அசையவில்லை. இந்த இடத்தில் தொடுதிரை வேலை செய்யாதாம். வால்யூம் பட்டனால் மேலே கீழே நகர வேண்டும், பவர் பட்டனால் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒவ்வொரு வரியாக அக்காவுக்குச் சொன்னேன். முதல் வரி, ஃபோனைத் திரும்ப ஆரம்பி. அதில் எதுவும் அழியாது. நடுவில் ஒன்று, கேச்சைத் துடை. அது சும்மா ஒட்டடை அடிப்பது மாதிரி. இன்னொன்று, வைப் டேட்டா. அதுதான் நஸ்ரின் சொன்னது. மொத்தமும் காலி.

"அதுக்குக் கிட்டயே போகாத," என்றார் அக்கா.

முதல் வரியைத் தேர்ந்தெடுத்தேன். திரை இருண்டது. கம்பெனி பெயர் வந்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மறுபடியும் அதே பச்சைப் பொம்மை, அதே மல்லாக்கப் படுக்கை.

இன்னொரு தடவை முயன்றேன். பொம்மையைத் தாண்டி வரிகளுக்கு வந்தேன். அப்போதுதான் அது நடந்தது. நான் கையை எடுத்த பிறகும் அந்த நீலப் பட்டை தானாக நகர ஆரம்பித்தது. ஒரு வரி. இன்னொரு வரி. யாரோ கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்து நகர்த்துவது மாதிரி. நகர்ந்து நகர்ந்து, சரியாக வைப் டேட்டா மேல் போய்த் துடித்துக்கொண்டு நின்றது.

இதுவாகவே நகர்கிறது என்றால், இதுவாகவே தேர்ந்தெடுத்தும் விட்டால்? ஃபோனைக் கீழே வைக்கவும் பயம். கையில் வைத்திருக்கவும் பயம்.

"விஜி... என்னாச்சு?"

"அழிக்கிற இடத்துல நிக்குதுக்கா."

அக்கா தெருப்பக்கம் ஒரு தடவை பார்த்தார். அவர் வீட்டு அடுப்புப் புகை தெரிந்தது. பிறகு, குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், "போகட்டும், விட்டுரு. நசீபுல எழுதல போல," என்றார்.

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் அழுதிருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

"இருங்கக்கா. பட்டன் எங்க இருக்குன்னே தெரியல. இந்த ரப்பர் பேண்டு வேற..."

நான் சொல்லி முடிக்கவில்லை. அக்கா ஃபோனை என் கையிலிருந்து வாங்கி, ஒரே இழுப்பில் இரண்டு ரப்பர் பேண்டையும் உருவிவிட்டார். பார்சல் கட்டுகிற கை இல்லையா... போடவும் தெரியும், உருவவும் தெரியும். உருவியதை வழக்கம்போல மணிக்கட்டில் மாட்டிக்கொண்டார்.

நீலப் பட்டையின் துடிப்பு சட்டென்று நின்றது. நகரவே இல்லை.

ஃபோனின் பக்கவாட்டைப் பார்த்தேன். பவர் பட்டன் மேல் ஒரு தடம், வால்யூம் பட்டன் மேல் ஒரு தடம். ரப்பர் பேண்ட் உட்கார்ந்திருந்த இடம்.

"இத எப்பக்கா கட்டுனீங்க?"

"நேத்து சாயங்காலம். மூடி ஆடுச்சு. கையில கெடந்துச்சு, ரெண்டு சுத்துச் சுத்துனேன்."

விஷயம் அவ்வளவுதான். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து இரண்டு பட்டனையும் யாரோ விடாமல் அழுத்திக்கொண்டே இருப்பதாக அந்த ஃபோன் நினைத்திருக்கிறது. அணைந்து அணைந்து எழுந்து, 'என்ன வேண்டும், சொல்லுங்கள்' என்று கொல்லை வாசலில் வந்து நின்றிருக்கிறது. அதைப் போய்ப் பழுது என்று நினைத்துவிட்டோம். பிரியாணி பார்சல் மாதிரி ஃபோனைக் கட்டி வைக்கிற ஊரும் உண்டு என்று கம்பெனிக்காரர்களுக்கு யார் சொல்வது?

இந்தத் தடவை நிதானமாக நகர்த்தினேன். அழிக்கிற வரியிலிருந்து விலகி, மேலே, மேலே, முதல் வரி. பவரை அழுத்தினேன்.

கம்பெனி பெயர் வந்தது. போகவில்லை. நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு மெல்ல ஒரு வெளிச்சம், அதன் பிறகு அக்காவின் வீட்டு தேக்சா படம். மெசேஜ் வரிசையாக டிங் டிங் என்று விழுந்தது. அக்கா பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தார்.

வாட்ஸ்அப்பைத் திறந்து கீழே கீழே தள்ளிக்கொண்டே போனார். யூசுப்பின் பெயர் எங்கேயோ அடியில் கிடந்தது. கேட்காத வாய்ஸ் நோட், கேட்காதபடியே பத்திரமாக இருந்தது.

நான் உள்ளே போகப் பார்த்தேன். "இரு," என்றார். "திட்டியிருந்தான்னா பக்கத்துல ஆள் வேணும்."

"மன்னிப்புக் கேட்டிருந்தா?"

"அப்பவும் வேணும்."

அழுத்தினார். முதலில் கரண்டி சத்தம். எண்ணெய் சத்தம். பிறகு அவசரமாக ஒரு குரல்.

"அக்கா... இங்க சீரகச் சம்பா கெடச்சிருச்சுக்கா. ரூம்ல பசங்களுக்கு நம்ம பிரியாணி போடுறேன். அரிசி ஊறிக்கிட்டு இருக்கு. தண்ணி எம்புட்டு வைக்க? நீ அளவே சொல்ல மாட்ட, கைய வச்சுத்தான் பாப்ப. எனக்கு வர மாட்டேங்குது. செத்த சீக்கிரம் சொல்லுக்கா."

முடிந்தது. அவ்வளவுதான்.

திட்டு இல்லை. மன்னிப்பும் இல்லை. அரிசி ஊறுகிறது, தண்ணீர் அளவு சொல். ரம்ஜானிலிருந்து அந்த அரிசி ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது.

அக்கா இன்னொரு தடவை கேட்டார். 'செத்த சீக்கிரம் சொல்லுக்கா' என்ற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

எனக்கு அந்த மெனு ஞாபகம் வந்தது. திரும்ப ஆரம்பி என்பது முதல் வரியிலேயே இருக்கிறது. அதில் எதுவும் அழியாது. ஆனாலும் ஃபோன் சிக்கிக்கொண்டால் நமக்கு முதலில் தோன்றுவது எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்பதுதான். மனுஷர்களோடு சிக்கிக்கொண்டாலும் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறோம், இல்லையா?

அக்கா ஃபோனை வாய்க்கு அருகில் கொண்டுபோனார். சலாம் சொல்லவில்லை, நலம் விசாரிக்கவில்லை. இத்தனை மாதத்துக்கான விளக்கமும் சொல்லவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அரிசிய போட்டதும் நடுவெரல உள்ள வைய்யி. அரிசிக்கு மேல மொதக் கணு வரைக்கும் தண்ணி நிக்கணும். அதுக்கு மேல ஒரு சொட்டு வேணாம். கறித் தண்ணியவும் சேத்துத்தான் சொல்றேன்."

அனுப்பிவிட்டு எழுந்தார். தம் உடைக்க நேரமாகிவிட்டது. வாசற்படி தாண்டுவதற்குள் ஃபோன் டிங் என்றது. நின்று, அங்கேயே அழுத்தினார். எனக்கும் கேட்டது.

"அன்னைக்கே கொழைஞ்சு போச்சுக்கா."