ருபெல்லாவும் என் வயிற்றெரிச்சலும்

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். பார்வைக் குறையோடு பிறந்த குழந்தையைப் பார்த்து வயிறெரிந்த முட்டாள், கன்னிவாடிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். அவன் நான். அந்தக் குழந்தை என் கூடப்பிறந்த தங்கை.

பிறந்தபோதே அவளுடைய இரண்டு கண்மணிக்குள்ளும் பால் துளி விழுந்ததுபோல வெள்ளை. அவளை உண்டாகியிருந்தபோது அம்மாவுக்கு லேசாகக் காய்ச்சல் அடித்து உடம்பெல்லாம் மணல்மணலாகப் பொரிந்ததாம். அம்மை வார்த்திருக்கிறது என்று வாசலில் வேப்பிலை செருகினார்கள். தலைக்கு ஊற்றியதும் மறந்துவிட்டார்கள். அது வயிற்றுக்குள் இருந்தவளின் கண்ணையும் தொட்டுவிட்டுப் போயிருந்தது என்பது மதுரைக் கண் ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. “இது ருபெல்லாம்மா” என்றிருக்கிறார் டாக்டர். அம்மாவின் காதில் அது ‘ரூபா இல்ல’ என்று விழுந்தது. “ரூபா இருக்குங்க சார், கொண்டாந்திருக்கேன்” என்று முந்தானை முடிச்சை அவிழ்த்துவிட்டாள். ஊருக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கேட்டவர்களும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. திருவிழாவில் பலூனுக்கு அழுதாலும் அவிழாத முடிச்சு, இவளுக்கென்றால் கேட்காமலே அவிழ்கிறதே.

கண்ணிலிருந்த அந்த வெள்ளைப் புரையை ஆபரேஷனில் எடுத்த பிறகும் மதுரைப் பயணம் ஓயவில்லை. அன்றைக்கு மட்டும் அம்மா பூப்பறிக்கப் போகாமல் நல்ல சேலை கட்டுவாள். தங்கைக்கு பஸ்ஸில் ஜன்னலோரம். எனக்குப் பழைய சோறும் “ஏலே, ஆட்டப் பாத்துக்க” என்ற உத்தரவும். அவளுடைய சோடாபுட்டிக் கண்ணாடியை வீட்டில் யாரும் தொடக்கூடாது. மாரியம்மனுக்கு அவள் பேரில் வெள்ளிக் கண்மலர் வேறு சாத்தினார்கள். எனக்கும் ஏதாவது சாத்தச் சொல்லி உருண்டு அழுதேன். “ஒனக்கு எதுல கோளாறு, சொல்லு, சாத்திருவோம்” என்றாள் அம்மா. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. பாழாய்ப்போன ஆரோக்கியம்.

இப்போது அம்மாவுக்கு முட்டிவலி. அதனால் போன வாரம் தங்கையைக் கூட்டிக்கொண்டு போகும் யோகம் எனக்கு வாய்த்தது. இடது கண் எப்போதோ அணைந்துவிட்டது. மிஞ்சிய வலது கண்ணிலும் அழுத்தம் ஏறியிருந்தது. அது தாங்குமா, அதுவும் போய்விடுமா என்று அன்றுதான் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட நாளிலும் என் புத்தி மாறவில்லை. அம்மா தூக்குவாளியை அவளிடம்தான் கொடுத்தாள். “கத்தரிக்கா வெஞ்சனம் வச்சிருக்கேன், ஆறுறதுக்குள்ள சாப்புடு.” எனக்கு, “பத்திரமா கூட்டிட்டு வா.” பஸ்ஸில் கண்டக்டர், சீட்டில் இருந்த ஒருவரை எழுப்பிவிட்டு அவளை உட்காரவைத்தார். நான் நரைத்த மீசையோடு கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி பொருமினேன்.

டாக்டர் அவள் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். இப்போதைக்குத் தாங்கும், சொட்டு மருந்தை நிறுத்தாமல் போடுங்கள் என்றார். வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் என் நாக்கு அவிழ்ந்துகொண்டது.

“சின்னப்புள்ளையில ஒம்மேல எனக்கு அம்புட்டுப் பொறாமை. நான் ஆட்டுப் பின்னாடி அலைவேன், நீ என்னடான்னா மதுரைக்குப் போயிருவ. இத்தன வருசமா வந்து போறியே, அப்படி என்னதான் பாத்த மதுரையில?”

மருந்து விட்ட கண்ணை மூடியபடியே சொன்னாள்.

“டார்ச்சு லைட்டுண்ணே.”