சச்சிதானந்தன் தேறும் என்று சொன்ன போல்ட்டுகள்

சச்சிதானந்தன் நல்ல மனுஷன். அதில்தான் எனக்குக் கோபம். கெட்டவராக இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

சிட்னியில், செவன் ஹில்ஸில், பழைய எஞ்சின்களைப் புதுப்பிக்கும் பட்டறை ஒன்றில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. 1978. நான் கோயம்புத்தூர்க்காரன். அவர் யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். இலங்கையில் அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிய அந்த ஏழு வருஷமும், புது போல்ட் ஒன்றைக் கண்ணால் காணாமலே லாரிகளை ஓடவைத்தவர். துருப்பிடித்து வரும் எதையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷால் தேய்த்து, மேலே நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் வழுக்கிப் போனால் தேறும். மாட்டினால் குப்பை. அதுதான் பட்டறைச் சட்டம். ஆனால் குப்பையில் போட அவருக்குக் கை வராது. "எறிய மனம் கேக்குதில்லை நாகராஜன்" என்பார்.

பக்கத்தில் கிரவீனில் குடியிருந்த மகேந்திரராஜா அவருடைய பள்ளிக்கூடத் தோழர். தொழிற்சாலை வேலை போய் ஐந்து மாதம் வீட்டில் இருந்தவர், வெள்ளத்தில் நின்ற பழைய லாரி ஒன்றை வாங்கினார். மலையூர்களுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை லாரி வேலைக்கு வந்து நிற்காவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும்.

சனிக்கிழமை நானும் சச்சியும் எஞ்சினைப் பிரித்தோம். சிலிண்டர் தேறியது. கிராங்க் தேறியது. பிஸ்டன் தண்டைக் கிராங்கோடு இறுக்கிப் பிடிக்கும் எட்டு போல்ட்டுகளில் இரண்டைத் துரு குழிகுழியாகத் தின்றிருந்தது. நகம் மாட்டியது. புதியவை மெல்போர்னிலிருந்து வரப் பத்து நாள் ஆகும்.

"இதையே போட வேண்டாம்ணே. ஓடும்போது அறுந்தா எஞ்சின் அப்படியே இறுகிக்கும்" என்றேன்.

"ஊரில இதைவிட மோசமானதைப் போட்டு மூண்டு வருஷம் ஓடவிட்டனான்."

அவர் ஊரில் சமதரை, லாரி ஆடி அசைந்து போகும். இங்கே மலை இறக்கம், முதுகில் பாரம். அதை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பழி எனக்கும் உண்டு.

எமரித் தாளால் குழி மறையும்வரை தேய்த்தார். போல்ட் பளபளத்தது. குழியோடு அந்த இடத்து இரும்பும் மெலிந்துபோனது.

"எல்லாம் சரியோ மச்சான்?" என்று கேட்டார் மகேந்திரராஜா.

"ஓம். பயப்பிடாமல் ஓடு."

மூன்றாவது வாரம் மலை இறக்கத்தில் போல்ட் அறுந்தது. எஞ்சின் இறுகி, பின்சக்கரங்கள் சுழலாமல் நின்று, லாரி வழுக்கிப்போய்ப் பாறையில் மோதியது. மகேந்திரராஜாவின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். மகேந்திரராஜாவின் மனைவி சந்திரவதனா சச்சிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "அண்ணை, உங்களாலதான் மூண்டு கிழமையாவது தலைநிமிர்ந்து இருந்தனாங்கள்" என்றார். சச்சி உட்காரவில்லை.

"அழாதை மச்சான்" என்றார் மகேந்திரராஜா. "உனக்குத் தெரியாமல் நடந்தது."

"தெரியும். துரு திண்டதைக் கண்டனான். தேய்ச்சுப்போட்டுப் பூட்டினனான்."

சந்திரவதனா கணவரின் முகத்தைப் பார்த்தார். எனக்கு அங்கே நிற்கவே கூசியது.

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் மகேந்திரராஜா. "அந்த நிலைமையில நான் ஓமெண்டுதான் சொல்லியிருப்பன்."

அதற்குப் பிறகு அவர் சச்சியோடு பேசவே இல்லை.